நாடு கடத்தப்பட்டோரும் நாமும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



தாயகத்தை இழந்து வாழ்வது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். ஒரு கல்விச் சங்கத்தின் விழாவில் இத்தலைப்பு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இளைஞர்களே, நீங்கள் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் நாளை நினைவுகூர்ந்து பாருங்கள். உங்களிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "எந்த ஊர்?" என்பதாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் ஊரின் பெயரைச் சொன்னதும், "ஊருக்குள் எந்தத் தெரு?" என்ற அடுத்த கேள்வி வந்திருக்கும். முதற்கேள்விக்கு நிமிர்ந்து விடை சொன்ன நம் பிள்ளைகளின் குரல் இரண்டாம் கேள்விக்குத் தாழ்ந்துவிடுகிறது. அது ஏன் தாழ்கிறது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

நாடு இழந்தோர் வரலாறு நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. நாம் கூடியிருக்கும் இத்தென்காசியே நாடு இழந்தவர்கள் கட்டிய நகரந்தான். மதுரையைப் பறிகொடுத்த பாண்டியர் தெற்கே வந்து, இங்கிருந்து ஆண்டனர். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில், தலைநகர் இழந்த ஒரு மரபு தனக்கென அமைத்துக்கொண்ட புதிய தலைநகரின் அடையாளமாக நிற்கிறது. 1802ஆம் ஆண்டு பிப்ரவரியில், மருது சகோதரர்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கும்பினியார் தூத்துக்குடித் துறையில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினர். பாரதியார் 1908இல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து, பத்தாண்டுகள் அங்கே கழித்து, 1918இல் ஆங்கில ஆட்சியின் எல்லைக்குள் திரும்பியபோது கைது செய்யப்பட்டார். விடுதலையானபின் அவர் குடும்பத்தோடு வந்து தங்கியது நமக்கு அண்மையிலுள்ள கடையத்தில்.

இவர்களையெல்லாம் நாடு போற்றுகிறது, போற்றுவதும் முறையே. இவர்கள் நாடு இழந்த நாளும், ஏறிய கப்பலும், தங்கிய ஊரும் ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அதே தூத்துக்குடித் துறையில் எழுபது பேரல்லர், எண்ணற்றோர் ஏறிச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் நம் மக்கள். அவர்களை நாடு கடத்தப்பட்டோர் என்று எவரும் எழுதவில்லை. "கூலிகள்" என்று ஒரு சொல்லில் எழுதி முடித்தார்கள். அரசன் ஆணையிட்டு அனுப்பினால் அது நாடு கடத்தல்; பசி அனுப்பினால் அது பிழைக்கப் போதலா? இவ்வேறுபாட்டை நாம் ஏற்கலாகாது.

அவர்கள் சென்ற கதையைச் சற்று விரிவாகக் கூறுவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் இலங்கையின் கண்டிச் சீமையில் காட்டை அழித்துக் காப்பி பயிரிட்டனர். காப்பிச் செடி நோயால் அழிந்தபின் அதே சரிவுகளில் தேயிலையை நட்டனர். அதற்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் நிலமின்றிப் பண்ணையாட்களாய் உழன்றுகொண்டிருந்த மக்களிடம் கங்காணி வந்தான். கையில் முன்பணம் கொடுத்தான். 1876இல் தொடங்கிய தாதுவருடப் பஞ்சம் போன்ற கொடிய காலங்களில் முன்பணம் கொடுப்பவன் தெய்வமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பண்ணையாரிடம் பட்ட கடனை அடைக்க வாங்கிய பணமே கங்காணியிடம் பட்ட கடனாயிற்று. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போதும் கடன் எழுதிய "துண்டு" உடன் சென்றது. 1921இல்தான் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

புறப்படுமுன் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பின்னாளில் மண்டபத்திலும் அவர்களை முகாம்களில் அடைத்து நோய் சோதித்தனர். எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டினர். பெயரோடு பிறந்த மனிதன் எண்ணோடு கடல் கடந்தான். மலையேறியதும் அவனுக்குக் கிடைத்தது லயன் வரிசையில் ஓர் அறை. அவ்வறையும் வேலை இருக்கும்வரைதான் அவனுடையது. சாதியும் உடன் சென்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கங்காணிகளுள் பெரும்பாலோர் மேற்சாதியார். லயன்கள்கூடச் சாதி பார்த்து ஒதுக்கப்பட்டன.

நூறாண்டுக்கு மேல் உழைத்தபின் நேர்ந்ததைக் கேளுங்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் வாக்களித்து இலங்கை இந்தியர் காங்கிரசின் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டே, 1948இல், இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் எந்நாட்டின் குடிமக்களும் அல்லர் என்றாயினர். 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. பாட்டன் பிறந்ததற்கும் தந்தை பிறந்ததற்கும் சான்றிதழ் கொண்டுவா என்றனர். தகர வில்லையோடு வந்தவனிடம் சான்றிதழ் எவ்வாறு இருக்கும்?

1964 அக்டோபர் 30ஆம் நாள் புதுதில்லியில் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 9,75,000 பேரைப் பங்கிட்ட ஒப்பந்தம் அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்து, 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். பங்கிடப்பட்ட மக்களிடம் விருப்பம் கேட்டு அவ்வெண்கள் முடிவு செய்யப்படவில்லை. அண்ணன் ஒரு நாட்டின் கணக்கிலும் தம்பி மறு நாட்டின் கணக்கிலும் சேர்ந்த குடும்பங்கள் பல. மலையக ரயில் நிலையங்களில் அன்று எழுந்த அழுகுரலை, வந்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரியில் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு பல இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். 1984இல் கப்பல் நின்றது. எஞ்சியோருக்கு முழுக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கையில் 2003இல்தான் வந்தது.

அங்கே அவர்கள் "இந்தியாக்காரர்". இங்கே வந்ததும் "சிலோன்காரர்". இரண்டு நாட்டிலும் அவர்களுக்குக் கிடைத்த பெயர் அடுத்த நாட்டின் பெயரே. நாடு இழத்தல் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக விளக்க நமக்குச் சொல் இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். எந்தக் கிராமம் நம் முன்னோருக்குக் கிணற்றில் நீர் எடுக்க உரிமை தரவில்லையோ, எந்தக் கிராமம் தோளில் துண்டு போட விடவில்லையோ, அந்தக் கிராமத்தை எண்ணி அவர்கள் ஏன் ஏங்கினார்கள்? அதைவிட்டுப் போனது நல்லதுதானே என்று இன்றைய இளைஞர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. போனவர்களுள் சிலர், பண்ணையாரின் சாட்டைக்குத் தப்பினோம் என்ற நிம்மதியோடும் போயிருப்பார்கள். ஆயினும் அவர்கள் மலையிலே மாரியம்மன் கோயில் கட்டினார்கள்; காமன் கூத்து நடத்தினார்கள்; பிள்ளைகளுக்குப் பாட்டன் பிறந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் ஏங்கியது ஊரின் ஆதிக்கத்துக்காக அன்று. தாயைப் புதைத்த இடத்துக்காகவும், உடன்பிறந்தாளின் முகத்துக்காகவும், காவல் தெய்வத்தின் திடலுக்காகவும் ஏங்கினார்கள். ஊர் அவர்களைத் தன்னவர் என்று ஒப்பவில்லை. அவர்களோ அந்த மண்ணைத் தமது என்றே கருதினார்கள். இந்த அன்பை அடிமைப் புத்தி என்று இகழ்வது தவறு. மண்ணின் மேல் வைத்த அன்பு வேறு. மண்ணை ஆள்வோரின் முறைக்குப் பணிதல் வேறு.

இலங்கைக்குப் போன பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நம் கண்முன்னே தெரியும் இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், தெற்கே அம்பாசமுத்திரம் பக்கம், மாஞ்சோலை இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் ஏறத்தாழ 8,373 ஏக்கரைப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் இடங்களில் காடு தேயிலைத் தோட்டமாயிற்று. மலையேறி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். நான்கு தலைமுறையாய் அவர்கள் அங்கேயே பிறந்து, அங்கேயே மணந்து, அங்கேயே மடிந்தார்கள். ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்கு வந்தது, குத்தகை தொடர்ந்தது. பிற்காலத்தில் அக்காடு புலிகள் காப்பகத்துள் அடங்கியது. ஜமீனுக்கு ஆவணம் இருந்தது. கம்பெனிக்கு ஆவணம் இருந்தது. வனத்துறைக்கும் ஆவணம் இருந்தது. நான்கு தலைமுறை வாழ்ந்த தொழிலாளிக்கு ஒரு சென்ட் நிலத்துக்கும் பட்டா இல்லை.

ஊதிய உயர்வு கேட்டுப் போராடிய அத்தொழிலாளரின் பொருட்டு 1999 ஜூலை 23ஆம் நாள் திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் சென்றது. காவல்துறையின் தடியடிக்கு அஞ்சி மக்கள் தாமிரபரணியில் இறங்கினர். இரு பெண்களும் ஒரு பச்சிளங்குழந்தையும் உட்படப் பதினேழு பேர் மாண்டனர். நம் சங்கத்தின் வயதை எண்ணும்போதெல்லாம் அந்நாளையும் எண்ணுவது நம் கடமை. பின்னர், குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கையிலேயே, 2024இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் பெயரால் வேலை நிறுத்தப்பட்டது. தொழிலாளர் குடியிருப்பைக் காலி செய்து மலையிறங்கச் சொல்லப்பட்டனர். தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்கவில்லை. மறுவாழ்வுக்கான உதவிகளை வழங்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. காட்டைக் காப்பதும் வேண்டுவதே. ஆனால் காடு காக்கப்படும்போது முதலில் வெளியேற்றப்படுபவன் ஏன் எப்போதும் நம்மவனாகவே இருக்கிறான்? தன் பெயரில் ஓர் ஏடும் இல்லாதவன் அவன் ஒருவனே என்பதுதான் காரணம்.

இதுவரை ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றிச் சொன்னோம். போகாமல் இருந்தவர்களின் நிலை என்ன? 1931 ஆகஸ்டு 14ஆம் நாள் பம்பாயில் மணிபவனத்தில் அண்ணல் அம்பேத்கர் காந்தியடிகளை முதன்முதலாகச் சந்தித்தார். தமக்குத் தாயகம் என ஒன்று இல்லை என்று அவர் அன்று கூறினார். குடிக்க நீரும் மறுத்து, விலங்கினும் கீழாய் நடத்தும் மண்ணைத் தாயகம் என்று எவ்வாறு அழைப்பது என்பது அவர் எழுப்பிய வினா. அவர் கடல் கடந்து துரத்தப்பட்டவர் அல்லர்; இந்நாட்டில் பிறந்து, உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றுத் திரும்பியவர். சொந்த நாட்டில் நின்றுகொண்டே நாடு இழந்தவராய் அவர் பேசினார்.

அது மிகைக்கூற்று அன்று. தமிழில் "ஊர்" என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். "ஊருக்குள் போய் வருகிறேன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஊரிலேயே பிறந்தவர் ஊருக்குள் போகிறேன் என்கிறார்! அவர் இருக்கும் இடம் சேரி. பின்னர் அதற்குக் காலனி என்று பெயர் வந்தது. ஊர் என்பது எப்போதும் பாதைக்கு அப்பால் இருப்பது. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் அவர்கள் உள்ளிட்ட நம்மவரை அழைத்துச் சென்றார். அவ்வாண்டே கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. அந்நாள்வரை மதுரையிலேயே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த நம் மக்களுக்கு அக்கோயில், பினாங்குத் தீவினும் தொலைவில் இருந்தது. கப்பலேறினால் பினாங்கையாவது அடையலாம்.

இந்நிலை தாளாமல் நம்மவர் வேறு வழிகளையும் தேடினர். அண்ணல் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். நம் அண்டையிலுள்ள மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19ஆம் நாள் பல குடும்பங்கள் ஒருசேர இசுலாத்தைத் தழுவியபோது இந்தியாவே அச்சிற்றூரைத் திரும்பிப் பார்த்தது. அம்முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கு வரவில்லை. வீட்டை மாற்றாமல், தெருவை மாற்றாமல், தமக்கென ஓர் இடம் தேடிய மனிதரின் தவிப்பை அதில் காண வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இளைஞர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? பிறந்ததனால் மட்டும் ஒருவனுக்கு ஒரு மண் தாயகம் ஆகிவிடுவதில்லை. உழைத்ததனாலும் ஆகிவிடுவதில்லை, மலையகமும் மாஞ்சோலையும் அதற்குச் சான்று. "வெளியேறு" என்று எவரும் சொல்ல முடியாதபடி நாம் காலூன்றி நிற்கும் இடமே தாயகம். அந்த உரிமை மூன்றால் வருகிறது: எழுத்து, நிலம், ஒற்றுமை.

முதலாவது எழுத்து. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் ஒரு சமுதாயமே நாடற்றதாயிற்று என்று கண்டோம். உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டியின் பெயர், பிறந்த ஊர், அவர்கள் வேலை செய்த இடம் இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குடும்பத்தில் எவரேனும் கொழும்புக்கோ, இரங்கூனுக்கோ, மலை எஸ்டேட்டுக்கோ போயிருந்தால் அதனையும் எழுதுங்கள். இன்று எழுதாவிட்டால் அப்பெயர்கள் பாட்டியோடு போய்விடும்.

இரண்டாவது நிலம். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் நம் மக்களின் அவலத்தை அறிக்கையாக எழுதினார். அதன் பயனாய் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையின்படி வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன்பின்னும் நம் சமுதாயத்தார்க்கன்றிப் பிறர்க்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்நிலங்களுள் பெரும்பகுதி இன்று பிறர் கையில் இருக்கிறது. பட்டம் பெற்ற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தம் கிராமத்தின் நிலப் பதிவேட்டைப் படித்திருக்கிறார்கள்? படித்தவன் வேலைக்கு மனுப் போட மட்டும் படித்தவன் அல்லன். பாட்டனின் நிலத்துக்கு மனுப் போடவும் கற்றிருக்க வேண்டும்.

மூன்றாவது ஒற்றுமை. மலையிறங்கி வந்த குடும்பம் ஒன்று நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால், "நீங்கள் எந்த ஊர்?" என்று நாமும் கேட்டுத் தயங்குகிறோமே, அது நன்றன்று. நமக்குள்ளேயே உட்பிரிவு பார்த்து ஒருவரையொருவர் தள்ளி வைப்போமானால், நம்மைத் தள்ளி வைத்தவரைக் குறை கூறும் தகுதியை இழந்துவிடுவோம்.

இவ்வூரை விட்டுப் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. திருப்பூருக்கும் கேரளத்துக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் நம் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். போவது வேறு, போக்கப்படுவது வேறு. திரும்பி வர ஓர் இடத்தை வைத்துவிட்டுப் போகிறவன் பயணி. அவ்விடம் இல்லாமல் போகிறவன் நாடு கடத்தப்பட்டவன். நம் பிள்ளைகள் அனைவரும் பயணிகளாகப் போக வேண்டும் என்பதற்காகத்தான் இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கெரியவிட்டுப் பாடம் நடத்துகிறது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து குளித்து மகிழ்ந்து போகிறார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் குப்பையை விடியுமுன் பெருக்குகிற கைகள் யாருடையவை என்பதை நாம் அறிவோம். அவ்வருவி அக்கைகளுக்கும் உரியது. அதனை இரவல் பெற்றவர்போல் ஒதுங்கி நின்று பார்க்கும் பழக்கம் நம் தலைமுறையோடு ஒழியட்டும். அடுத்த முறை உங்களை எவரேனும், "எந்த ஊர்? எந்தத் தெரு?" என்று கேட்டால், இரண்டு விடைகளையும் ஒரே குரலில் சொல்லுங்கள். அந்தக் குரல் தாழாத நாளே நம் சமுதாயம் ஊர் திரும்பிய நாள்.